கதவுக்கு முன்னால் நிற்காதவர்

காலை பதினொன்றே காலுக்கு என் போனில் தொழிற்சாலையின் எண் வந்தது. அப்பா வேலை நேரத்தில் கூப்பிடுவதில்லை. போனை வெளியே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அது அவரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எடுத்தேன்.

“தயாளன் போயிட்டாம்மா.”

அப்பாவின் குரல். அப்பா பேசுகிறார். அப்படியானால் அப்பா இருக்கிறார். மூச்சு விட்டேன். அதன் பிறகுதான் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தொழிற்சாலை வேலையாக வெளியே போன தயாளன் மாமா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போவதற்காகப் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார். நெஞ்சைப் பிடித்திருக்கிறார். கேட் திறந்தபோது பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். நாற்பத்து நான்கு வயது.

தொழிற்சாலையில் அவரோடு நின்றவர்களும், கல்மண்டபம் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தயாளன் மாமா இறந்த செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

*

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் தயாளன் மாமா எனக்கு ஒரு படம் அனுப்பினார், போனை உள்ளே விடும் பூஜை நாளில் எடுத்தது. அவரும் அப்பாவும் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் வேலை. நீளமான, படுத்த வாக்கில் இருக்கும் இரும்புத் தொட்டி. ரப்பரை உள்ளே தள்ளி, கதவைப் பூட்டி, நீராவி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். டேங்க் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மனியில் ஓடிக் கழிந்ததை வாங்கி வந்து நிறுத்தியது. கதவுக்கு மேலே ஒரு தகடு. அதில் ஜெர்மன் எழுத்துகள். ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பதை அப்பா அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

படத்தில் தகட்டின் முக்கால் பாகத்தைச் சந்தனம் மூடியிருந்தது. நடுவில் குங்குமம். தெரிந்த ஒரே வரியில் ஒரு கம்பெனியின் பெயரும் ஊரும். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். “பேர் போட்ட தகடுதான் மாமா, ஒண்ணுமில்ல” என்று பதில் போட்டேன்.

உடனே கூப்பிட்டார்.

“ஒண்ணும் இல்லாததுக்காமா இரும்புல வார்த்து எயுதுவான்?”

சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெர்மன் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

*

வகுப்பு என்றாலும் ஆசிரியர் கிடையாது. ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையை ஞாயிறுகளில் கேட்டு வாங்கியிருந்தோம். ஒரு பாடநூல், முதுகு பிரிந்த ஓர் அகராதி, கையால் எழுதிய சொல் அட்டைகள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகக் காத்திருந்த ரெஜினா, அவள் தோழி, நான். நான்காவதாக அவர்.

அட்டைகளுக்குப் பதிலாக அவர் ரப்பர் கொண்டுவந்தார். வெட்டிக் கழித்த பட்டைகள். முன்பக்கம் மஞ்சள் சாக்பீஸில் ஜெர்மன், பின்பக்கம் தமிழ். அறை முழுக்க வேகவைத்த ரப்பரின் நெடி.

“இன்னா மாமா, டயர் கடை போடப்போறியா?” ரெஜினா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க சடையங்குப்பத்துல வருசா வருசம் வூட்டுக்குள்ள தண்ணி. உன் அட்டை ஊறிப்பூடும். இது ஊறுமா?”

பாடநூலின் முதல் பக்கத்தை அவர் தொடவே இல்லை. வணக்கம், நன்றி, உங்கள் பெயர் என்ன, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது. “நா இன்னாத்துக்குமா அங்க போய் ஸ்டேசன் கேக்கப்போறேன்? தகட்டுல இருக்கறத மட்டும் குடு.” ஆகவே ஒரு மொழிக்குள் யாரும் நுழையாத வழியாக அவர் நுழைந்தார். அவருக்கு ஜெர்மனில் வணக்கம் சொல்லத் தெரியாது. கதவு தெரியும். அழுத்தம் தெரியும். பூஜ்யம், நில், திற தெரியும்.

*

தகட்டின் மீதிருந்த சந்தனத்தைப் பூசியது அவர்தான். பதினோரு வருடங்களாக. அதற்கு முன்னால் வேறு யாரோ. வளைந்த இரும்பில் பொட்டு நிற்காது. தட்டையாக இருந்த இடம் அது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு படலம். மேலே எண்ணெய்ப் புகை. அதற்கு மேலே அடுத்த வருடம்.

சுரண்டினால் பூஜையைச் சுரண்டியதாகும் என்று சிலர் தடுத்தார்கள். அதனால் நல்லெண்ணெய் ஊற்றிப் பஞ்சால் துடைத்தார். சாப்பாட்டு இடைவேளைகளில், ஏணி மேல் ஏறி நின்று. “இன்னா மாமு, மிஷினுக்குத் தல முயுக்காட்டா? அப்டியே சீக்காயும் போட்டுவுடு” என்று கீழேயிருந்து கூவியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

“நாந்தான் மூடிக்கினு இருந்தேன் ண்ணாத்த. நாந்தான் தொறக்கணும்” என்றாராம்.

முதலில் வெளியே வந்தது கடைசி வரி. ஒரே சொல். லேபென்ஸ்கெஃபார். ரெஜினாதான் அகராதியில் பார்த்தாள். உயிராபத்து. அவள் சிரிக்கவில்லை. நானும்.

மீதி வரிகளும் துடைக்கத் துடைக்கத் தெரிந்தன; எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு வந்தார். “போன வெச்சுப் பாத்தா முழுசும் ஒரு நொடில வந்துடும் மாமா” என்றேன். பார்த்தோம். வந்தது. அதை அவர் மேனேஜரிடம் காட்டினார். “போன் ஆயிரம் சொல்லும்யா” என்று மேனேஜர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் அவர் உண்மையாகப் படிக்க ஆரம்பித்தார். “ஒவ்வொரு எயுத்து மேலயும் வெரல வெச்சு சொல்லணும். அப்ப இன்னா சொல்வாருன்னு பாக்கறேன்.”

நான்கு ஞாயிறுகள் ஆயின. தகட்டில் இருந்தது இதுதான்: அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் உள்ளே அழுத்தம் இருக்கலாம். முதலில் சோதனை வால்வைத் திற. கதவின் முன் நிற்காதே. உயிராபத்து.

*

அன்று வீட்டுக்கு வந்து பழைய படங்களை எடுத்தேன். ஆயுத பூஜைக்குக் குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று கட்டி, பொரி வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம். ஒவ்வொரு வருடமும் ஒரே இடம். தொட்டியின் கதவுக்கு முன்னால். ஒன்றில் எனக்கு ஆறு வயது. முதுகைக் கதவில் சாய்த்து நிற்கிறேன். அப்பாவின் கை என் தலைமேல்.

அன்று தொட்டி குளிர்ந்திருந்தது. தெரியும். உள்ளே ஒன்றும் இல்லை. தெரியும். இருந்தும் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா அந்தக் கதவுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடங்கள் நின்றிருக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து முறை. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் நேராக நின்று நெம்புகோலைத் தள்ளிக் கதவைத் திறப்பார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. பல் துலக்கியபோது. பஸ்ஸில் நின்று ‘ஒண்ணுமில்ல’ என்று எழுதியபோது.

*

வால்வு இருந்தது. பக்கவாட்டில், விரல் அளவு. வருடக்கணக்காக அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவர் அதைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு முறையும் கதவைத் தொடுவதற்கு முன்பே அதைத் திறந்து காத்திருந்தார். சில நிமிடங்கள் போகும். எல்லோரும் கேலி செய்தார்கள். ஜெர்மன் மாமு என்று பெயர் வைத்தார்கள். “நீ பயந்தாங்கொள்ளிடா” என்றார் அப்பா. “ஆமா ண்ணாத்த. படிச்சா பயம் வருது” என்றார் இவர்.

பொங்கலுக்கு அவர் தெருவில் விழா. உறியடி, இசை நாற்காலி, மைக் செட். ரெஜினாவும் நானும் போயிருந்தோம். யாரோ கொளுத்திப் போட்டதில் அறிவிப்பாளர் கூவினார்: “அடுத்ததா நம்ம தயாளன் அண்ணாத்த, ஜெர்மன் கவித! கை தட்டுங்கப்பா!”

மேடையில் ஏறினார். வெள்ளைச் சட்டை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தகட்டில் இருந்ததை முதல் வரியிலிருந்து சொன்னார். உச்சரிப்பு பாதி தப்பு. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. கடைசிச் சொல்லை இரண்டு முறை. விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

இறங்கி நேராக எங்களிடம் வந்தார்.

“சூப்பர் மாமா” என்றாள் ரெஜினா.

“கை தட்றாங்க பாரு” என்றார். “இன்னா எயுதிக்கீதுன்னு தெரிஞ்சா ஓடிப்பூடுவாங்க.”

*

மாசி மாதம் ஒரு பிற்பகல். இதை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். நான் அப்பா சொல்லிக் கேட்டேன்.

முள் பூஜ்யத்தில் நின்றது. அப்பா நெம்புகோலில் கை வைத்தார். “இரு ண்ணாத்த” என்று தயாளன் மாமா அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். அப்பா கெட்ட வார்த்தை சொன்னார். மாமா வால்வைத் திருகினார்.

சீறியது. நின்றுவிடும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. முள் பூஜ்யத்திலேயே இருந்தது. வால்வு சீறிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஷெட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முள்ளுக்குப் போகும் குழாயில் ரப்பர்ப் பிசின் அடைத்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

அப்பா அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். சொல்லி முடித்தும் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

புது அழுத்தமானி பொருத்தினார்கள். முள் சரியாகிவிட்டது, இனி வால்வுக்கு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார் மேனேஜர். தயாளன் மாமா சரி என்று தலையாட்டினார். பிறகு போய் வால்வைத் திறந்தார். சாகும்வரை திறந்தார்.

*

சடையங்குப்பத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனதில் ஒரு கேள்வி இருந்தது. நான் அந்தச் சொற்களைக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால். அந்தப் பயம்தான் அவர் நெஞ்சை நிறுத்தியதா. மருத்துவர் சர்க்கரை என்றார், கொழுப்பு என்றார். மாமாவின் மனைவியிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

“ரொம்ப பயந்துக்கினுதான்மா இருந்தாரு. சாமி கும்புடும்போது கூட அந்த வார்த்தைங்கள சொல்லுவாரு. லீவு போடுயான்னா கேக்க மாட்டாரு. நா போலன்னா யாரு தொறப்பான்னு பயந்துக்கினே கெளம்புவாரு.” பிறகு என் கையைப் பிடித்தார்கள். “உங்க நைனாவ ஒயுங்கா பாத்துக்க.”

*

திங்கட்கிழமை அப்பாவுக்குக் காலை ஷிப்ட். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாட்களாக நான் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“இனிமே வால்வ யாருப்பா தொறப்பாங்க?”

“நாந்தான்.”

“மேனேஜர் வேணான்னு சொல்லிட்டாரே.”

“அவரு வந்து கதவுக்கு முன்னால நிக்கட்டும். அப்பால பேசலாம்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை விட்டார். குனிந்தபடியே பேசினார்.

“அவன் இருந்த வரிக்கும் எனுக்கு பயமே இல்லம்மா. எனுக்கும் சேத்து அவன் பயந்துக்கினு இருந்தான். இப்ப நாந்தான் பயப்படணும்.”

ஷூ லேஸைக் கட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. விரல்கள் பிடிமானம் இல்லாமல் நழுவின. நான் உதவவில்லை. அந்த நடுக்கத்தோடு அவர் போக வேண்டும் என்று விரும்பினேன். ஒரு மகள் விரும்பக்கூடியதா இது, தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள். என் ஜெர்மன் வாசிப்புத் தேர்வு முடிந்துவிட்டது, நிறைய மதிப்பெண். அதில் கற்றவற்றில் பெரும்பகுதி மறந்துவிடும். தயாளன் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அவருடைய பயம். அப்பா அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறார். மீதி என்னிடம் இருக்கிறது. மாலை அவர் திரும்பி வரும்வரை அதை நான் கீழே வைப்பதில்லை.