டோகோ தவிர எல்லா நாடும்

பிரான்ஸின் தலைநகரில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் அஃபிக்கு ஐம்பத்தாறு வயது. மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டின் லோமே நகரச் சந்தையில் நாடகம் போட்டவள். புருஷன் செத்த மறுநாளே விதவையிடமிருந்து வீட்டுச் சாவியைப் பிடுங்கும் மைத்துனன்மாரை மேடையேற்றி நாறடித்தாள். விதவைகள் கைதட்டினார்கள், மைத்துனன்மார் கத்தியைத் தூக்கினார்கள். ஆறு வயது மகள் யாவாவைத் தங்கையிடம் விட்டு, ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று புறப்பட்டவள்தான். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

பிரான்ஸ் அகதி அந்தஸ்து கொடுத்தது. பயணப் பத்திரமும் கொடுத்தது. டோகோ தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. போக வேண்டிய ஒரே இடத்தை விட்டுவிட்டு உலகத்தையே தூக்கிக் கொடுத்தால் யாருக்கு வேண்டும்? மகளை இங்கே அழைத்துக்கொள்ளவும் எழுதிப் போட்டாள். யாவாதான் வரமாட்டேன் என்றுவிட்டாள். தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பிள்ளையை ஒருமுறை கட்டிப்பிடிக்க மாட்டோமா என்று அஃபி ஏங்கிப்போனாள்.

போன சனிக்கிழமை யாவா அதே நாடகத்தை அதே சந்தையில் போட்டாள். இங்கே அஃபி போடும் நாடகங்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் கோசலை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள்; லூயி-பிளாங் தெருவில் இருக்கும் தன் தையல்கடையைப் பாதி சாத்திவிட்டு அவளோடு உட்கார்ந்தாள். இருவரும் கைப்பேசியில் நேரலை பார்த்தார்கள். அந்த நாடகத்துக்குக் கடைசிக் காட்சி எழுதப்படவில்லை. பார்க்கிற பெண்கள் எழுந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதுதான் முடிவு. அன்றைக்கு முதலில் பேசியது வேஷத்தோடு நின்ற யாவா.

"உங்களுக்கெல்லாம் சாவி வாங்கிக் கொடுத்தவள் என்னைப் பெற்றவள். எனக்குச் சாவி வேண்டாம். அம்மா வேண்டும்."

அஃபி தேம்பித் தேம்பி அழுதாள். கோசலை தண்ணீர் கொடுத்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. அவளுடைய உடைந்த பிரெஞ்சைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"லோமேக்குப் பக்கத்திலை என்ன நாடு கிடக்குது?"

"கானா. எங்கள் வீட்டிலிருந்து எல்லைக்கு இருபது நிமிட நடை."

"பிறகேன் அக்கா அழுறியள்? ஊருக்குப் போகேலாத எங்கட சனம் என்ன செய்தது? நான் திருச்சியிலை றூம் எடுத்து, யாழ்ப்பாணத்திலை இருந்த அம்மாவை அங்கை கூப்பிட்டு ஒரு மாசம் வைச்சிருந்தனான்."

"அவ்வளவு பக்கத்தில் போய், வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் எப்படித் திரும்புவேன்?" இத்தனை வருடமும் அந்த வீம்புதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

"வீட்டையோ பாக்கப் போறியள், பிள்ளையையோ?"

சந்தையில் கூட்டம் கலைந்ததும் அஃபி மகளை அழைத்தாள். கானா எல்லையில் அறை எடுக்கிறேன், பதினைந்து நாள் என்னோடு வந்து இருப்பாயா என்று கேட்டாள்.

"பதினெட்டு வருடத்துக்குப் பதினைந்து நாளா?" என்றாள் யாவா.

மகள் கைப்பேசியை வைத்துவிடுவாளோ என்று அஃபி பயந்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அறையில் ஒரே கட்டில் போதும், அம்மா."