ஆடிட் நாளில் பூச்சி பார்க்கப் போனோம்

மேனேஜர் அவர்களே, நீங்கள் எங்களைச் சுற்றுலா அனுப்பவில்லை. ஒளித்து வைத்தீர்கள்.

காலை ஏழு மணிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் வேன் நின்றது. நம் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள், வேலையாட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று ஆடிட் பண்ண வரும் நாள். பூட்டிக் கிடக்கும் இரும்புக் கையுறைகள் அன்றைக்கு மட்டும் கட்டிங் மேசைக்கு வரும். வாய் திறப்போம் என்று நீங்கள் பயப்படுகிறவர்கள் வேனுக்குப் போவோம்.

முருகேசனும் வந்தான். ராமநாதபுரத்துப் பையன், என் பக்கத்து மேசை. கையுறை இல்லாமல் துணி வெட்டியபோது இடது கையில் இரண்டு விரல் போனது. வேலையும் போனது. ஆடிட்காரர்களிடம் கையைக் காட்டத்தான் வாசலில் நின்றான். "டூர் போயிட்டு வா, சாயங்காலம் வேலையைப் பத்திப் பேசலாம்" என்றீர்கள். நம்பி ஏறினான்.

பல்லடத்தில் டீ குடிக்கும்போது டிரைவர் கேட்டார்: "ஏனுங்க, இன்னைக்கு ஆடிட்டுங்களா? அன்னைக்குத்தான் உங்க கம்பெனிக்காரருக்கு உங்க மேல பாசம் வருதுங்க."

உடுமலைப்பேட்டை தாண்டி, தென்னந்தோப்புக்குள் ஒரு பூச்சிக் காட்சியகம். ஆளுக்கு முப்பது ரூபாய். கண்ணாடிப் பெட்டியில் வெறும் செடி.

"பூச்சி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அதைத்தானுங்க பாத்துட்டு இருக்கீங்க" என்றார் சுற்றிக்காட்டிய பெண்.

ஒரு இலை திடீரென்று ஈயைப் பிடித்தது. கும்பிடுபூச்சி.

"ஆடிட்டுக்கு நம்ம மேனேஜர் நிக்கிற மாதிரியே கும்பிட்டு நிக்குது பாரு" என்றார் பேக்கிங் சலீம் பாய். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்தது டிவியில் இலைவெட்டி எறும்பு. நம் நாட்டில் இல்லாததால் படம் மட்டும். அது இலையை வெட்டுவது தின்பதற்கு அல்ல. கூட்டுக்குக் கொண்டுபோய் அதில் காளான் வளர்க்கும். அதுதான் கூட்டத்துக்கே சோறு.

"வெட்டி வெட்டிப் பல்லு தேஞ்சா, அப்புறம் வெட்டாதுங்க. மத்த எறும்பு வெட்டுன இலையைத் தூக்கிட்டுப் போகும்" என்றார் அந்தப் பெண்.

முருகேசன் அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவை பேசினான்: "வெட்டுன துணி பண்டலைத் தூக்க ஒரு கை போதும்ல அண்ணே?"

இருட்டும் நேரத்தில் வாசலில் இறங்கினோம். "ஆடிட் நல்லா முடிஞ்சுதுங்க. மேனேஜர் அப்பவே கெளம்பிட்டாருங்க" என்றார் வாட்ச்மேன். அன்று இரவே முருகேசன் ஊருக்கு பஸ் ஏறினான். என்னால் அவனை நிறுத்த முடியவில்லை.

கும்பிடுபூச்சி பசிக்கு ஒளிகிறது. நீங்கள் எதற்கு ஒளிகிறீர்கள்? பல் தேய்ந்த எறும்புக்குக் கூட்டில் இருக்கும் வேலை, விரல் போன முருகேசனுக்கு உங்கள் கம்பெனியில் ஏன் இல்லை? என்னைத் தனியாக ரூமுக்குக் கூப்பிட வேண்டாம். அடுத்த ஆடிட் அன்று, பையரின் ஆட்கள் நிற்கும்போதே, கட்டிங் மேசை முன்னால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.