காரியதரிசியின் சவரக்கத்தி

கடல் கடந்த தீவில், பிளேன் மாக்னியன் என்ற ஊரில் கரும்பு போட்டிருந்த நாங்கள் சிலர் சேர்ந்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை வைத்தோம். அதற்குக் காரியதரிசியாக வந்தவரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வழிய வாரிய தலை, கோட்டுப் பையில் ஒரு சவரக்கத்தி. மதராஸிலிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு நாவலையும் முதலில் அவர்தான் படிப்பார். பெண்களுக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றிய பக்கங்களை அறுத்தெடுத்த பிறகே அலமாரியில் வைப்பார்.

என் அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அவள் எடுத்துவந்த கதையில் ஒரு விதவையிடம் ஒருவன், "என்னைக் கட்டிக்கொள்வாயா?" என்று கேட்கிறான். அவள் சொன்ன பதில் இருந்த பக்கத்தைக் காணோம். அக்கா நேரே வாசகசாலைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மீதிக் கதை எங்கே, மிஸ்யே?" என்று, ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் வழங்கும் சொல்லால் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் பொம்பளைங்க படிச்சா கெட்டுப்போவாங்க."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்காம எப்படி அறுக்கிறது?"

"அப்ப நீங்க கெட்டுப்போகலையா?"

அவர் அலமாரியைப் பூட்டினார். மறுவாரமே, பெண்களுக்குப் புத்தகம் கிடையாது என்று பலகை மாட்டினார். வாசகசாலைக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் எதிர்த்தேன், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் ஊரில் அவரளவு கதை படித்தவர் எவருமில்லை. அத்தனையும் படித்த ஒரு மனிதர் கடைசிவரை அப்படியே இருந்தது எப்படி என்றுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.