மெர்வினை எழுப்ப ஓர் ஆள்

கரவாங் லாட்ஜில் தீ மணி அடித்தால், மணியை முந்திக்கொண்டு மெர்வின் டிண்டலின் குரல்தான் ஒரு காலத்தில் கேட்கும். "வெளிய போ! எல்லாரும் வெளிய! காலுறை தேடுறியா, வெக்கமா இல்ல? வெறுங்காலோட ஓடு!" பனியில் குதிகால் விறைக்க நின்றபடி நாங்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஈரத் துணி உலர்த்தும் அறையின் ஆவிக்கும் மணி அடிக்கும், காலை ரொட்டி கருகினாலும் அடிக்கும். ஒருமுறை எங்களில் ஒருவனான கிளைவ் அடுக்களைக் கூரையில் இருந்த புகை உணரியைத் தன் காலுறையால் மூடிவிட்டான். மெர்வின் அந்தக் காலுறையை அறிவிப்புப் பலகையில் ஆணியடித்து, கீழே கிளைவின் பெயரையும் எழுதி வைத்தார். சீசன் முடியும்வரை அது அங்கேயே நாறிக்கொண்டிருந்தது.

மெல்போர்னில் தொலைபேசிக் கம்பி இழுத்த மனிதர். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து பனிச்சறுக்கு மலையில் கட்டிய எங்கள் லாட்ஜுக்குத் தீ மணிக் கம்பிகளை இழுத்தவரும் அவரே. முப்பத்தோரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டார். குளிர்காலம் தொடங்கும் ஒவ்வொரு ஜூனிலும், பனி விழுமுன், ஒரு கழியின் நுனியில் புகைக் குப்பியைக் கட்டி, ஒவ்வொரு உணரியாகச் சோதிப்பார். பிறகு ஒவ்வொரு மணிக்கும் நேர் கீழே நின்று அடிக்க விட்டுக் கேட்பார். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்றால், "காத மூடிட்டு எதைக் கேக்குறது? போம்மா வேலையப் பாத்துட்டு" என்பார்.

மனைவி ஐவி இறந்துபோன பிறகு குளிர்காலம் முழுக்க லாட்ஜிலேயே தங்க ஆரம்பித்தார். கீழே ஊரில் வீடு இருந்தது. "அங்க என்ன இருக்கு ரோஸ்? சுவர் இருக்கு. அதுங்கூட எவ்ளோ நேரம் பேசுறது?" என்று ஒருநாள் கேட்டார்.

போன வருடம் ஆகஸ்டில் நான் முழங்காலைச் சுளுக்கிக்கொண்டேன். மற்ற எல்லோரும் சறுக்கப் போயிருந்த ஒரு முற்பகல். தின்ன ஏதாவது வேண்டும் என்று ரொட்டியைப் போட்டேன், பேச்சு சுவாரசியத்தில் தொலைபேசியை வைக்கவில்லை, கருகிவிட்டது. மணி அலற ஆரம்பித்தது. மெர்வின் வந்து கத்துவார் என்று, துண்டை வீசிப் புகையை விரட்டியபடி காத்திருந்தேன். வரவில்லை. நொண்டிக்கொண்டே தேடிப் போனேன்.

துணி உலர்த்தும் அறையில், தலைக்கு மேல் மணி காதைப் பிளந்துகொண்டிருக்க, அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கையுறைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. என் வாயைப் பார்த்தார், நடைவழியில் மணியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிப்போய் மணியை நிறுத்திவிட்டு பூட்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரமா அடிக்குது?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"கிட்ட வந்து பேசினா கேக்குது ரோஸ். இந்த மணிதான் சுத்தமாக் கேக்கல. நாலு வருஷமாச்சு."

"அப்ப ஜூன்ல எப்படிச் சோதிக்கிறீங்க?"

"கைய வச்சுப் பாப்பேன். அதிர்ந்தா சரி." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கமிட்டிக்குச் சொல்லிடாதம்மா. சொன்னா இங்க தங்க விடமாட்டாங்க. நான் எங்க போவேன்?"

சொல்ல மாட்டேன் என்றேன். பத்து நாள் தூக்கம் வரவில்லை. அவரை நம்பி முப்பது பேர் தூங்குகிறார்கள், அதில் குழந்தைகளும் இருக்கிறார்கள். இப்போது கமிட்டித் தலைவராக இருக்கும் கிளைவிடம் சொல்லிவிட்டேன். செய்தது சரிதான், இன்றும் அதையே சொல்வேன். கமிட்டி கேட்டதும் மெர்வின் தீ மணிச் சாவிகளைக் கொடுத்துவிட்டார். யார் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இந்தப் பிப்ரவரிக் கோடையில் வழக்கம்போல எல்லோரும் கூடி லாட்ஜுக்குப் பெயிண்ட் அடித்தோம், விறகு பிளந்தோம், சாசேஜ் சுட்டுத் தின்றோம். அப்புறம் கூட்டம். மெர்வின் தலைமுடியில் பச்சைப் பெயிண்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளைவ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி, மெர்வினுக்கு எட்டாத தணிந்த குரலில் பேசினான்.

"இது இன்னும் மெர்வினுக்குத் தெரியாது. ஆளப் புடிச்சுட்டு நல்ல சேதியாச் சொல்லலாம்னு இருந்தேன். மணி கேக்காதவங்க தங்கணும்னா படுக்கைய உலுக்கி எழுப்புற கருவி வேணும்னு விதியாம். அது அடுத்த வருஷந்தான் வரும். இந்த சீசனுக்கு அவர் படுக்குற அறையில யாராவது கூடப் படுக்கணும், மணி அடிச்சா எழுப்பணும். இல்லைன்னா அவர் தங்க முடியாது. யாரு ஒத்துக்கிறீங்க?"

சிலர் கம்பளத்தைப் பார்த்தார்கள், சிலர் நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டினார்கள். எங்கள் அறையில் நாலு படுக்கை, நானும் என் கணவர் கெவினும் இரண்டில்தான் படுக்கிறோம். கெவின் முழங்காலால் என் முழங்காலை இடித்தார். மெர்வினின் குறட்டை நினைவுக்கு வந்தது. விடியுமுன் எழுந்து இருமுவதும், ஐவியிடம் ஏதோ முனகுவதும் நினைவுக்கு வந்தன. பாவி நான், அவரைக் காட்டிக்கொடுத்தவளே நான்தான், என் கை மடியிலேயே கிடந்தது.

"சரி, யாரும் இல்லைன்னு எழுதிக்கிறேன்" என்றான் கிளைவ்.

மெர்வின் என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்றான்? ஏன் எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்காங்க?"

அவர் காதருகே குனிந்தேன். "முப்பத்தோரு வருஷம் எங்களப் பாத்துக்கிட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொன்னாங்க மெர்வின்."

அவர் கண் கலங்கிவிட்டது. நான் பிடித்து இழுப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"அட, இதெல்லாம் எதுக்குப்பா? நான் என்ன பெருசாப் பண்ணிட்டேன்? நீங்க இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா? ஜூன்ல வந்துடுறேன், மொத ஆளா."

கிளைவ் பேனாவைக் கீழே வைத்தான். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், கூடவே எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.