விலகு என்றால் விலகணும்

பையைத் தலைகீழாக மேசையில் கொட்டுகிறார். சட்டி மூடி, கயிறு, கிழிந்த கையுறை, துருப்பிடித்த பூட்டு என்று கடகடவென உருள்கின்றன. "யாரும் உக்காரக் கூடாது. எந்திரிங்க, எந்திரிங்க!" பிழைக்க வந்த இடத்தின் மொழியை வேலை முடிந்து கற்க வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பை டீச்சர்.

புது மொழியில் "மூடு" என்பார், மூட வேண்டும். "இழு" என்பார், இழுக்க வேண்டும். சும்மா திருப்பிச் சொன்னால் முறைப்பார். முந்தாநாள் சொல்லிக்கொடுத்த சொல்லை இன்று வேறொரு பொருளோடு, எதிர்பாராத நேரத்தில் வீசுவார். "மறக்கப் போற நேரத்துல கேட்டாத்தான் மண்டையில உக்காரும்" என்பார். குனிந்து நிமிர்ந்து டீச்சருக்கு இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். கோபம் மட்டும் குறையவில்லை.

சலவைக்கூடத்தில் வேலை செய்யும் மாணவி அக்காவுக்கு நேர்ந்ததால் வந்த கோபம் அது. அக்கா முன்பு பக்கத்து அறை வகுப்பில் படித்தவள். அங்கே எல்லாரும் ஒன்றாகச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் கூட்டுப்பாட்டுதான் பாடம். ஒருநாள் வேலையிடத்தில் நீராவிக்குழாய் வெடித்தது. புது மொழியில் "விலகு!" என்று அலறினார்கள்.

"நானும் கணீர்னு 'விலகு'ன்னு திருப்பிச் சொன்னேன் டீச்சர். அப்படியே நின்னேன்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். முழங்கை வரை கட்டு. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "பரீட்சையில நூத்துக்கு நூறு போட்டாங்களே, அவங்க மூஞ்சிக்கு நேரா இந்தக் கையக் காட்டணும்!"

இன்று வகுப்புகளின் பொறுப்பாளர் வந்து கதவருகே நின்றார். கையில் அகரவரிசையில் சொற்கள் அச்சிட்ட பெரிய தாள்.

"என்னம்மா, இது வகுப்பா சந்தையா? நாளையிலேர்ந்து இத மாட்டுங்க, எல்லாரும் ஒண்ணாச் சொல்லட்டும். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்."

நாளைதான் அக்கா மறுபடி சலவைக்கூடத்துக்குப் போகிறாள்.

"அகரவரிசையிலயா சார் குழாய் வெடிக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல், சக்கரம் வைத்த நாற்காலியைக் கதவை நோக்கித் தள்ளிவிட்டு, புது மொழியில் "விலகு!" என்று கத்தினார். வகுப்பே சுவரோரம் பாய்ந்தது. பொறுப்பாளர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "யாரப் பாத்து விலகுன்னு..." என்று ஆரம்பித்தார். அக்கா நல்ல கையால் அவர் சட்டையைப் பற்றி வெடுக்கென்று இழுத்தாள். நாற்காலி கதவில் போய் மோதியது.

"பைத்தியமா உங்களுக்கு?"

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. கீழே விழுந்த தாளை எடுத்து அக்காவிடம் நீட்டி, புது மொழியில் "சுருட்டு" என்றார்.

அக்கா வாயைத் திறக்காமல் சுருட்டினாள். டீச்சர் பையை விரித்துப் பிடித்தார்.