ரெண்டு தபா சொல்லு

அந்த ஹெட்போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காதுப் பஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது. மைக்கின் நுனியில் சுற்றிய சிவப்புத் துணி மட்டும் மிச்சம். "எல்லாரு எச்சிலும் படுது பாப்பா" என்று நகரி அக்கா தன் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றியது. 

அப்போது நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்தேன். ஊர் ஊராக ஜனம் வெளியே கிளம்பிக்கொண்டிருந்த காலம். நகரியில் தறி ஓட்டியவர்களும் பாலசமுத்திரத்தில் கூலிக்குப் போனவர்களும் குவைத்துக்கு விசா தேடினார்கள். நகரி அக்காவின் கணவர் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். அவரிடம் போன் கிடையாது. அறையில் கூட இருந்த வெதுருகுப்பத்துத் தம்பியின் செல்லுக்கு நெட் வழியாகக் கூப்பிட்டால், அவன் எடுத்துக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. அன்று மதியம் தலைநிறையப் பூவோடு அக்கா பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார்.

"இந்தக் கம்பியில பேச்சு எப்டி பாப்பா அவ்ளோ தூரம் போவுது?" என்று ஒருநாள் கேட்டார். அது நான் பள்ளியில் படித்ததில்லை. லைன் சரிசெய்ய வருபவர்களின் வாயைப் பிடுங்கிச் சேர்த்த அறிவு. ஜன்னலில் தெரிந்த மலையைக் காட்டிச் சொன்னேன். பழைய டிரங்க் கால் என்றால், ஒரே குடும்பத்துக்காக மலைப்பாதையை முழுக்க அடைத்து வைப்பது. அவர்கள் வாயைத் திறக்காவிட்டாலும் வேறு வண்டி ஏறமுடியாது. நெட் அப்படியில்லை. பேச்சைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் விலாசத்தையும் வரிசை எண்ணையும் ஒட்டி அனுப்பும். கூட்டத்தில் பிரிந்த குடும்பம்போல ஒன்று பஸ்ஸில், ஒன்று ஜீப்பில், ஒன்று படிக்கட்டில் என்று ஊரார் துண்டுகளோடு கலந்து ஏறும். ஒரு வலை முடிந்து இன்னொரு வலை தொடங்கும் எல்லைகளில் ஒரு பெட்டி நின்று, விலாசம் பார்த்து, காலியாக இருக்கும் வழியில் தள்ளிவிடும். அப்படித்தான் எங்கள் சந்து சென்னையோடும், சென்னை கடலுக்கு அந்தப் பக்கத்தோடும் கை கோத்துக்கொள்கிறது. போய்ச் சேர்ந்ததும் துண்டுகள் வரிசையாகக் கூடிக்கொள்ளும்.

"ஒரு பிள்ள வந்து சேரலன்னா?"

"மெயிலுன்னா காத்துக்கினு இருந்து, மறுபடி அனுப்பச் சொல்லும் அக்கா. பேச்சுக்கு நேரமில்ல. வந்தவங்க மட்டும் கோயிலுக்குள்ள போயிடுவாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "பெத்த மனசு இல்லாத மிஷினு" என்றார்.

அடுத்த சில வாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. காதில் சரியாக விழவில்லை என்று அக்கா சொன்னதால் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வெதுருகுப்பத்துத் தம்பியின் குரல் தெளிவாகவே வந்தது.

"அக்கா, அண்ணன் போயிட்டாரு."

உடனே லைன் அறுந்தது.

டிக்கெட் போட வந்திருந்த மொட்டைத்தலைப் பெரியவர் ஒருவர், "போயாடா? அய்யோ பாபம்!" என்றார். தமிழிலும் தெலுங்கிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே இருட்டு. என்னை உலுக்கியது வேறு: அந்த வாக்கியத்தில் ஓட்டையே தெரியவில்லை. பழைய போனில் கரகரத்தால் ஏதோ விழுங்கப்பட்டது என்று தெரியும். இதில் சில சமயம் தொலைந்த இடத்தை இரு பக்கமும் இழுத்துத் தைத்ததுபோல் ஆகிவிடும். மிச்சமே முழுசுபோல் ஒலிக்கும்.

அக்கா மைக்கை விடவில்லை. இன்னொரு கை தாலியில் இருந்தது. "பாப்பா, அவன் சொன்னது அவ்ளோதானா? இல்ல, பிள்ள எதனா வழியில நிக்குதா?"

 நிக்குது என்று சொல்லி, அது பொய்யாகிவிட்டால்? எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். லைன் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவின் கண் அக்காவின் தலைப்பூவுக்குப் போனது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். தாலியை விட்டுப் பூவைப் பொத்திக்கொண்டார். "யாரும் என்னத் தொடாதீங்க." அந்தக் குரலில் அறையே சுருங்கியது. அவசரத்தில் தப்பான எண்ணெல்லாம் அழுத்தினேன்.

கடைசியில் கிடைத்தான். "கேக்குதா அக்கா? அண்ணன் வேற கேம்ப்புக்குப் போயிட்டாரு. லாரியோட மாத்திட்டாங்க."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னான்.

"இன்னொரு தபா."

"அய்ய, எத்தினி தபா அக்கா! வேற கேம்ப்பு, வேற கேம்ப்பு! நல்லா துன்னுகினு தூங்கிகினு கீறாரு!"

அக்கா அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே என் முதுகில் ஓர் அறை வைத்தார். "உன் மிஷினு என் தாலியத் துன்னுட்டிருக்கும்டி!"

அதன்பிறகு அவர் பேச்சுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. கணவர் எதைச் சொன்னாலும் ரெண்டு தபா சொல்லவேண்டும். புது இடத்திலிருந்து, கூட இருப்பவரின் செல்லில் அவர் கத்துவார்: "நான் என்னாடி, கிளியா?" அக்கா விடமாட்டார்: "கிளியா இரு. உசுரோட இரு." மிஷின் திரும்பக் கேட்காததை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சில வருஷத்தில் கணவர் ஊர் திரும்பினார். அக்கா வருவது நின்றது. ஹெட்போனை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது என் மகள் கடல் தாண்டி இருக்கிறாள். முகமே தெரிகிறது, மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது. பயம் மட்டும் அந்தச் சந்தை விட்டு நகரவில்லை. நேற்று வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "சரிம்மா, போயிட்டு" என்றாள். உதடு பாதி திறந்தபடி படம் நின்றுவிட்டது.

'வரேன்' வந்து சேரவில்லை.

எந்த எல்லையில் நிற்கிறதோ அது. சிவப்புத் துணி சுற்றிய மைக்கை, எந்தக் கம்பியோடும் சேராத அதை, எடுத்து வாயருகே வைத்துக்கொண்டேன். அசையாத முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"இன்னொரு தபா சொல்லு, கண்ணு."