பஞ்சியருக்கு ஒரு சட்டை

கூட்டைத் திறந்தபோது முயலின் வாயோரத்தில் கறுப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பட்டினத்து மாட்டு டொக்குத்தர் அதன் விலாவில் போட்ட தையல் நூல். தூக்கிப் பார்த்தேன். காயம் மறுபடி பிளந்திருந்தது. சுற்றியிருந்த முடியெல்லாம் ஈரம்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் அல்ல. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவன். காயம்பட்ட முயலை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முயல் என் மனைவி சரசுவினுடையது. கொடிகாமம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன ஒருநாள், அவள் ஆசைப்பட்டாள் என்று வாங்கி வந்தேன். எந்த நேரமும் காலை நீட்டிப் படுத்திருந்ததால் ‘பஞ்சியர்’ என்று பெயர் வைத்தாள். பஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது சரசுவுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளையோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மாமியும் முயலும்தான்.

மாமி சரசுவின் தாய். கலியாணம் முடித்து நான் வந்திருந்தது அவருடைய வீட்டுக்கு. அந்த வீட்டில் மாமியார் மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் இல்லை. மாமி கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் எனக்குச் சொல்வாள். மகள் போனபின் இடையில் ஆளில்லை. வீடு ஊமையாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் மாமி முயலைப் பார்த்துச் சொன்னார்:

“பஞ்சியர், சோறு ஆறுது. சாப்பிடச் சொல்லும்.”

நானும் முயலைப் பார்த்தே, “கை கழுவிப்போட்டு வாறனாம் எண்டு சொல்லும்” என்றேன்.

அன்று முதல் அப்படித்தான் கதைத்தோம். அதனால், வேலிப் பொட்டுக்குள்ளால் (ஓட்டை வழியாக) வந்த நாய் பஞ்சியரைக் கவ்வியபோது எங்கள் இருவருக்கும் அது ஒரு முயலின் காயமாக மட்டும் இருக்கவில்லை. அது செத்தால் அந்த வீட்டில் பேச்சு இல்லை. நான் புத்தூருக்கு என் அம்மாவிடம் போய்விட வேண்டியதுதான். மாமி தனியே.

நூல் அறுந்த அன்றே பனையோலைக் கடகத்தில் வைத்து, பஸ் ஏறி, மறுபடி பட்டினம் கொண்டுபோனேன். டொக்குத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொருக்காத் தைக்கலாம். அதுக்குப் பிறகு தைக்கத் தோல் இல்லைத் தம்பி.”

“பிழைக்குமோ ஐயா?”

“நாய் கடிச்ச கடி இதைக் கொல்லாது. இதின்ரை வாய்தான் கொல்லும். வாயைக் காயத்திலை வைக்க விடாதையும்.”

மறுபடி தைத்துவிட்டு அயடீன் (புண்ணில் பூசுகிற, எரிகிற மண்ணிற மருந்து) கொஞ்சம் தந்தார். காயத்தின் மேல் துணி சுற்றிக் கட்டச் சொன்னார்.

கட்டினேன். வாழைத்தோட்டக்காரனுக்குக் கட்டு என்றால் வாழைநார்தான். குலை கட்டுவதும் அதனால், வேலி கட்டுவதும் அதனால். பழந்துணியைச் சுற்றி, நல்ல ஈர நாராகப் பார்த்து இறுக்கி முடிந்தேன். நான் முகம் கழுவி வருவதற்குள் நார் இல்லை, துணி ஒரு பக்கம் கிடந்தது, பஞ்சியர் காயத்தை நக்கிக்கொண்டிருந்தார். முதல் கட்டில் இறுக்கம் போதவில்லை என்று நினைத்து, அடுத்ததில் நாரை இரட்டையாகப் போட்டேன். அதுவும் போனது. பிறகு மும்மடங்கு.

குசினி (சமையலறை) கதவடியில் மாமியின் குரல் கேட்டது.

“பஞ்சியர், உமக்கு நல்ல காலம். கடிச்சுத் தின்னக் கறி வைச்சு, துணியிலை பொதி கட்டியும் தாறார் ஒருத்தர்.”

அப்போதுதான் விளங்கியது. பஞ்சியர் முதலில் போனது காயத்துக்கு அல்ல, நாருக்கு. நார் முடிந்த பிறகு அடியில் இருந்தது காயம். எங்கள் ஊரில் இந்தப் பிழையை என்னைத் தவிர இன்னும் பலர் விட்டிருப்பார்கள். தின்கிற பொருளால் முயலைக் கட்டாதீர்கள்.

சொல்லித் தந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. கூழ் குடிக்கப் பிளா (ஓலைக் கிண்ணம்) கோலுகிற மாதிரிப் பனையோலையைக் கோலி, கழுத்தைச் சுற்றிப் போட்டேன். பஞ்சியர் கொஞ்ச நேரம் கோயில் குடை பிடித்தவர் போல நடந்தார். பின்னேரத்துக்குள் ஓலையின் விளிம்பைச் சுற்றிவர மென்று முடித்துவிட்டார். கைப்புக்கு அஞ்சுவார் என்று வேப்பெண்ணெய் பூசினேன். முகம் சுளிக்காமல் நக்கினார். வயிறு ஊதிப் படுத்துவிட்டார். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

வயிறு வற்றியபோது காயத்தின் ஒரு மூலையில் சீழ் (புண் பழுத்து வருகிற மஞ்சள் கசிவு) தெரிந்தது. இரண்டாம் தையலிலும் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. பஞ்சியர் முருங்கையிலைக்குக்கூடத் தலை தூக்கவில்லை. நான் தோட்டத்துக்குப் போகவில்லை. முற்றத்தில் மடியில் வைத்து, அதன் தலையை என் கையால் மறித்துக்கொண்டு இருந்தேன். கை சோர்ந்து விறைத்துவிட்டது. விட்டால் அது தன்னைத் தானே தின்னும். விடாமல் எத்தனை காலம் பிடிப்பது? அழுதேன். சரசுவுக்கு அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

மாமி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நேரே என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சின்னச் சட்டை இருந்தது. வெள்ளைத் துணி, முதுகில் முடிகிற நாடா.

பிள்ளை பிறக்க முன் எங்கள் பக்கத்தில் புதுச்சட்டை தைப்பதில்லை, தைத்தால் கூடாது என்பார்கள். பிறந்த பிள்ளைக்கும் முதலில் யாரோ உடுத்த பழந்துணியைத்தான் போடுவார்கள். சரசு ஒருவருக்கும் தெரியாமல் ஒன்று தைத்து, தன் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். எனக்கும் தெரியாது.

“தம்பி,” என்றார் மாமி. என்னைப் பார்த்துத்தான். “உந்தச் சட்டையாலைதான் என்ரை பிள்ளை போனவள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எரிக்க எடுத்தன், மனம் வரேல்லை. இப்ப பாக்க, உது வெறும் துணிதானே. போடும் அதுக்கு.”

“மாமி...”

“என்ன மாமி? அழுறதைப் பிறகு அழலாம். முன்னங்காலை நீர் பிடியும், நான் கையை மாட்டுறன். ஐயோ, கழுத்தை நெரியாதையும்!”

முன்னங்கால்கள் இரண்டும் சட்டைக் கைக்குள் போயின. துணி விலாவை மூடி இடுப்பு வரை வந்தது. நாடாவை முதுகில், வாய் எட்டாத இடத்தில் முடிந்தோம். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பஞ்சியர் திரும்பினார், காயத்தைத் தேடினார், துணியைத்தான் கண்டார். காதைப் பின்னால் போட்டுக்கொண்டு கோபித்த மாப்பிள்ளை போல இருந்தார். மாமி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு காலையும் சட்டையைக் கழற்றி, சீழைத் துடைத்து, மருந்து பூச வேண்டும். சட்டை நனைந்தால் புண் அழுகும், அதனால் தோய்த்துக் காயவைக்க வேண்டும். காயும்வரை உடம்பு மூடாமல் இருக்கும், அதுதான் ஆபத்தான நேரம். மாமி அதற்கும் வழி செய்தார். புதுத் துணி எடுத்து, முற்றத்து வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க இருந்து, இரண்டாவது சட்டை தைத்தார்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பாறுவதி அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னணை, பிள்ளைச் சட்டை தைக்கிறியள்? ஆருக்கு?”

“பேரனுக்கடி.”

மாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நாலு கால். காதும் கொஞ்சம் நீளம். அது தகப்பன்ரை பக்கத்தாலை வந்தது.”

நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

புண் ஆறத் தொடங்கும்போதுதான் அதிகம் கடிக்கத் தேடும். பொருக்கு (புண்ணின் மேல் காய்ந்து மூடுகிற ஓடு) கட்டும்போது தினவு எடுக்கும். பஞ்சியர் சட்டையின் ஓரத்தைக் கடித்தார், மாமி ஒட்டுப் போட்டார். பஞ்சியர் ஒட்டைக் கடித்தார், மாமி அதன்மேல் ஒட்டுப் போட்டார். “பாப்பம், நீரோ நானோ!” என்று அதனோடு சண்டை பிடித்தார். நான் கொய்யாக் கொப்பு வெட்டிப் போட்டேன். பல்லுக்கு வேலை இருந்தால் காயத்தை மறக்கிறது. காயத்தைத் தொடாமல் சுற்றிவர விரலால் மெல்லச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும். இந்த இரண்டையும் கட்டாயம் செய்து பாருங்கள்.

கடைசியாகக் கொண்டுபோனபோது டொக்குத்தர் தையலைப் பிரித்தார். விலாவை அழுத்திப் பார்த்தார்.

“இனிச் சட்டை தேவையில்லை.”

வீட்டுக்கு வந்து முற்றத்தில் விட்டோம். நாடாவை மாமி அவிழ்த்தார். பஞ்சியர் உடம்பை உதறினார். பிறகு தலையைத் திருப்பி மூக்கைக் காயத்தடிக்குக் கொண்டுபோனார். மாமி என் கையைப் பிடித்துவிட்டார். பஞ்சியர் மணந்து பார்த்தார். ஒருமுறை நக்கினார். பிறகு, அது யாருடைய விலாவோ என்பது போல விட்டுவிட்டு, காதைக் கழுவி, காலை நீட்டி, பொத்தென்று சரிந்து படுத்துவிட்டார்.

“வெண்டிட்டம் தம்பி!” என்று, போட்டியில் வென்றவர் போல, மாமி கத்தினார். “வெண்டிட்டம்! எட, வேலிக்குள்ளாலை பாக்கிறவையும் வந்து பாருங்கோ!”

பாறுவதி அக்கா வந்தார். பிள்ளைகளும் வந்தார்கள். பஞ்சியர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நான் புத்தூருக்குப் போகவில்லை.

சரசு போன பிறகு என் உடம்பை நான் உணரவில்லை. பசி தெரியவில்லை, மண்வெட்டி காலில் பட்டாலும் நோகவில்லை. ஒரு சின்ன விலா மூச்சில் ஏறி இறங்குவதை உள்ளங்கையில் பிடித்திருந்த காலத்தில்தான் என் கை மறுபடி என்னுடையதாகியது. அப்போது நாட்களை நாள் என்று எண்ணவில்லை. சீழ் நின்ற காலை, பொருக்கு விழுந்த காலை என்றுதான் தெரியும்.

காயம் இருந்த இடத்தில் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் மற்ற முடி போல வாலைப் பார்த்துப் படியாமல், தலையைப் பார்த்து எதிராகக் கிடக்கிறது. தலையிலிருந்து தடவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கை தானாக மெதுவாகிறது. நான் அவசரப்படுவதில்லை. கொஞ்ச நேரம் அங்கே வைத்திருந்துவிட்டுத்தான் அப்பால் போகிறேன்.